நோர்டிக் நாடுகளில் வேலை தேடியவர்கள்: இன்னும் உறுத்தும் ஒரு கணம்

கோத்தன்பர்க்வாசி:
கணவருக்கு ஸ்வீடனில் வேலை, எனக்கு அவரைச் சார்ந்தவர் என்ற அனுமதி. பெர்சூன்நும்மர் என்ற அடையாள எண் வந்தது, பேங்க்ஐடி என்ற மின்னணு அடையாளம் வந்தது, பனியும் வந்தது. வேலை மட்டும் வரவில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். எண்பது விண்ணப்பங்களுக்குப் பிறகு ஒரு நிறுவனம் இரண்டாம் நேர்காணலுக்கு அழைத்தது. கேள்விகள் நன்றாகவே போயின. மூன்று மணிக்கு ஃபீக்காவுக்கு, அதாவது எல்லோரும் சேர்ந்து உட்காரும் காபி இடைவேளைக்கு, கூட்டிப்போனார்கள். காபி, ஏலக்காய் பன், ஏழெட்டுப் பேர். நான் உட்கார்ந்ததும் ஒருவர் ஆங்கிலத்துக்கு மாறினார், அடுத்தவரும் மாறினார், அதுவரை ஓடிய சிரிப்பு நின்றுவிட்டது. அதைக்கூட மறந்துவிடலாம்.

எழுந்தபோது எல்லோரும் அவரவர் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நான் பையை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றேன். என்னைக் கேள்வி கேட்ட மேலாளர் திரும்பி வந்து, என் கோப்பையை எடுத்துப்போய்ப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வைத்தார். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. ஒன்பது நாள் கழித்து, 'வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்' என்று கடிதம். மூன்று வருடமாகிறது, இப்போது வேறிடத்தில் நல்ல வேலையில் இருக்கிறேன். ஆனாலும் அந்தக் கை என் கோப்பையை நோக்கி நீண்டது கண்ணைவிட்டுப் போகவில்லை.

சோல்னாக்காரன்:
சகோதரி, ஒரு கோப்பைக்காக யாரும் வேலையை மறுப்பதில்லை. உங்களைவிட நன்றாக ஸ்வீடிஷ் பேசும் ஒருவர் வந்திருப்பார், அவ்வளவுதான்.

எனக்கு நடந்தது வேறு. ஆட்குறைப்பு. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பது இங்கே 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கும் விதி. குழுவில் கடைசியாகச் சேர்ந்தவன் நான். சொல்லும்போது மேலாளரின் கண்கள் கலங்கிவிட்டன. நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்! உடனே அவர், 'ஃபீக்காவுக்கு வருகிறீர்களா?' என்று கேட்டார். போனேன். இரண்டு பன் சாப்பிட்டேன். ஏன் சாப்பிட்டேன் என்று இன்றுவரை புரியவில்லை. அடுத்த வேலையைத் தேட மூன்று மாத அவகாசம். முதல் இரண்டு வருடம் அனுமதி அந்த நிறுவனத்தோடு கட்டப்பட்டது என்பதால் புது வேலை என்றால் அனுமதிக்குப் புது விண்ணப்பமும் போட வேண்டியிருந்தது. டிசம்பர் மாதம், மூன்று மணிக்கே வெளியே இருட்டு. எழுபத்தெட்டாவது நாள்தான் கிடைத்தது.

பழைய ஃபின்மார்க்:
நீங்கள் எல்லாம் மடிக்கணினியோடு வந்தவர்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 1988-இல் வட நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் நின்றவன். கீழே விளக்கு எரியும் மேசை, அதன்மேல் கொட் மீன் துண்டு, அதில் புழு தெரிந்தால் கத்தியால் எடுக்க வேண்டும். கை மரத்துப்போனால் கத்தி எங்கே முடிகிறது, விரல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

நவம்பர் கடைசியில் போகும் சூரியன் ஜனவரி பிற்பாதியில்தான் திரும்பும். அன்றைக்குத் திடீரென்று எல்லோரும் கத்தியை வைத்துவிட்டு வெளியே போனார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து ஏதோ சொல்லிக் கை காட்டினாள். மொழி விளங்கவில்லை. இடைவேளை அவர்களுக்கு மட்டும் என்று நினைத்து நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடத்தில் சிவந்த முகங்களோடு திரும்பி வந்தார்கள். சூரியனைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். நான் விளக்கு மேசையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பிறகு எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், அதற்கு ஈடாகவில்லை.

உப்சாலா 2014:
சோல்னாக்காரர் சொல்வதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. கோப்பை சின்ன விஷயமல்ல. எங்கள் அலுவலகச் சமையலறையில், 'உன் அம்மா இங்கே வேலை செய்யவில்லை' என்று ஸ்வீடிஷில் ஒட்டியிருக்கிறது. பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இயக்குநர் முதல் பயிற்சிக்கு வந்த மாணவர் வரை அவரவர் பாத்திரத்தை அவரவர்தான் எடுத்து வைப்பார்கள்.

புதிதாக வருபவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வேலை விளம்பரத்தின் அடியில் ஒருவர் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். அதை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். விண்ணப்பிக்கும் முன்பே அழைத்து இரண்டு நல்ல கேள்வி கேளுங்கள், உங்கள் பெயர் அவர் நினைவில் நிற்கும். தந்தை பெயர், திருமண நிலை, மதம் எழுதும் பழக்கத்தைச் சென்னை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். குடியேறியவர்களுக்கு நகராட்சி நடத்தும் எஸ்எஃப்ஐ என்ற ஸ்வீடிஷ் மொழி வகுப்பு இலவசம். 'அலுவலகத்தில் ஆங்கிலம் போதும்' என்று சொல்பவரை நம்பி அதைத் தள்ளிப்போடாதீர்கள். கூட்டத்தில் ஆங்கிலம் போதும், காபி மேசையில் போதாது. பழைய மேலாளர்கள் இருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இங்கிருந்து உண்மையிலேயே அழைத்து விசாரிப்பார்கள். வேலை கிடைத்த வாரமே தொழிற்சங்கத்தில் சேருங்கள். இங்கே பொறியாளர்களும் சேருகிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வாடகை வீட்டைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.

என் அனுபவத்தை எழுத வந்தேன், இடம் போய்விட்டது. பிறகு எழுதுகிறேன்.

சோல்னாக்காரன்:
அறிவுரை யாரும் கேட்கவில்லையே ஐயா.

கோத்தன்பர்க்வாசி:
உப்சாலாக்காரர் சொன்ன அந்த வாசகத்தைப் படித்ததும் திக்கென்றது. அன்று அந்த அறையிலும் தொட்டிக்கு மேலே மஞ்சள் தாளில் ஏதோ ஒட்டியிருந்தது. அழகான எழுத்து. ஏதோ வரவேற்பு வாசகம் என்று நினைத்து அதைப் பார்த்துப் புன்னகைத்தபடிதான் கதவருகே நின்றிருந்தேன்.