புதுப்பிப்பு: அட்மிஷனுக்கு ஆள் மாற்றி அனுப்பினோமே, என்ன ஆச்சு?

எங்கள் கலை அறிவியல் கல்லூரியில் பழைய மாணவர்கள் சிலரைப் புதிதாகச் சேர வருபவர்கள் மாதிரி அனுப்பி, சேர்க்கைப் பிரிவை நோட்டம் பார்க்கப் போகிறோம் என்று முன்பு எழுதியிருந்தேன். ரிசல்ட் கேட்டவர்களுக்காக இது.

ஃபீஸ், பஸ், ஹாஸ்டல் எல்லாவற்றுக்கும் டக்கென்று பதில் வந்தது. மாட்டியது தமிழக அரசு தரும் உதவித்தொகையில். அரசுப் பள்ளி மாணவியாகப் போனவர், "புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா எனக்கு வருமா?" என்று கேட்டிருக்கிறார். கவுன்டரில், "மேல ஆபீஸ்ல கேளும்மா." மேலே போனால், "கீழயே சொல்லுவாங்களே!" 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை எங்கே படித்தாய் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை; அந்தத் திட்டத்துக்கு அடிப்படையே அதுதான். ஒரு மாணவியின் அப்பா மாதிரி போனவர் வேட்டி கட்டியிருந்தார், அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் அதிகம் உறுத்தியது.

"வேவு பார்க்கிறீங்களா?" என்று ஊழியர்களுக்குக் கோபம். நியாயம்தான். அறிக்கையில் யார் பெயரும் போடவில்லை, சம்பளத்திலும் கை வைக்கவில்லை. இப்போது அந்தத் தொகையை வாங்கும் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி கவுன்டர் பக்கத்தில் உட்கார்ந்து விவரம் சொல்கிறாள். அங்கேதான் கூட்டம்.

அடுத்து போன் விசாரணை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.