80,000 ரூபாய்க்கு இயர்போன்: வாங்கியவர்களும் வாங்காதவர்களும் சொன்னவை

தாம்பரத்திலிருந்து:

தாம்பரத்தில் ஏறி பூங்கா நிலையத்தில் இறங்குவேன். காலையும் மாலையும் மின்சார ரயில்தான். கதவோரம் நின்றால் சக்கரச் சத்தமும் ஹாரனும். உள்ளே போனால் நாலு பேர் ஸ்பீக்கரைத் திறந்துவிட்டு வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் கேட்பது பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகள், கொஞ்சம் பாட்காஸ்ட். இப்போது இருக்கும் 600 ரூபாய் இயர்போனில் ஒலியை முழுசாக ஏற்றினால்தான் பாடுபவர் குரலே தெரிகிறது. வண்டியை விட்டு இறங்கிய பிறகும் காதுக்குள் 'ங்ங்' என்று ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது.

போனஸ் வந்திருக்கிறது. வெளிச் சத்தத்தை அடைக்கும் நல்ல இயர்போன் வாங்கலாம் என்று பார்த்தால், ஷூர் எஸ்இ215 என்று ஒன்று 10,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதே நிறுவனத்தின் எஸ்இ846 கிட்டத்தட்ட 80,000. சத்தம் உள்ளே வராமல் தடுப்பதற்கா இவ்வளவு விலை? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். கடன் வாங்காமல் வாங்க முடியும், ஆனால் யோசிக்காமல் வாங்க முடியாது.

மயிலாப்பூரிலிருந்து:

தம்பி, இந்த இரண்டையும் காதில் போட்டுக்கொண்டு வேலை பார்த்தவன் நான். பேட்டிகள், கருத்தரங்கப் பேச்சுகளைக் கேட்டு எழுத்தில் ஏற்றித் தருவது என் தொழில். வீட்டுக்கு அடுத்தாற்போல் கிரில் வெல்டிங் பட்டறை. 215 என்னுடையது. 846 என் மைத்துனருடையது. அவர் கப்பல் வேலைக்குப் போகும்போது என்னிடம் விட்டுப் போவார்.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். சத்தத்தை அடைப்பதில் இரண்டும் ஒன்றுதான். என் காது மட்டும் சொல்லவில்லை, ஷூர் நிறுவனமே இரண்டுக்கும் '37 டெசிபல் வரை' என்று ஒரே எண்ணைத்தான் போட்டிருக்கிறது. 215 சுமார் 100 டாலர். 846 முதன்முதலாக 2013-இல் வந்தபோது 999 டாலர். விலை பத்து மடங்கு ஏறியது, அடைப்பு ஒரு டெசிபல்கூட ஏறவில்லை. ஏனென்றால் அடைப்பது நுனியில் மாட்டும் டிப், அதாவது காதுக்குள் போகும் மெத்தென்ற உறை. உள்ளே இருக்கும் எந்தப் பாகத்துக்கும் அதில் வேலை இல்லை. இரண்டுக்கும் ஒரே டிப் பொருந்தும், மாற்றி மாற்றிப் போட்டே பார்த்திருக்கிறேன்.

அந்த '37 வரை' என்பதில் 'வரை'யைக் கவனியுங்கள். டிப் சரியாக உட்கார்ந்தால்தான் அதன் பக்கத்திலாவது போக முடியும். 215-ஐ வாங்கிவிட்டு "ஒன்றும் அடைக்கவில்லை, பேஸும் (கீழ்ச்சுருதி ஒலியும்) இல்லை" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் அதைச் சாதாரண இயர்போன் மாதிரி காது வாசலில் செருகியவர்கள். ஃபோம் டிப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, மெல்லிய குச்சியாகும் வரை உருட்ட வேண்டும். மற்ற கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலே, கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும். அப்போது துவாரம் நேராகும். உடனே டிப்பை உள்ளே விட்டு, அது விரிந்து நிரம்பும் வரை விரலை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும். அது விரிய விரிய, பட்டறையில் கிரைண்டர் சத்தம் படிப்படியாக அடங்கும். முதலில் அதன் கீச்சல் போகும், அப்புறம் உலோகம் உரசும் ஒலி, கடைசியில் அடித்தொனி மட்டும் மிஞ்சும். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி உங்கள் குரலே உங்களுக்கு முழங்கினால் சரி. கேபிளைக் காதுக்கு மேலே சுற்றிப் பின்னால் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் சட்டையில் உரசும் சத்தமெல்லாம் உள்ளே வரும்.

சரி, அப்படியானால் மிச்சம் 70,000 எதற்கு? ஒலிக்கு. டிரைவர் என்பது ஒலியை உண்டாக்கும் பாகம். 215-இல் ஒரு காதுக்கு ஒரே ஒரு டிரைவர், சாதாரண ஸ்பீக்கரைச் சின்னதாக்கியது மாதிரியான டைனமிக் வகை. 846-இல் நான்கு, அதுவும் பேலன்ஸ்டு ஆர்மெச்சர் வகை, காது கேட்கும் கருவிகளிலிருந்து வந்த தொழில்நுட்பம். கீழ்ச்சுருதிக்கான டிரைவரின் ஒலி, பத்து மெல்லிய எஃகுத் தகடுகளுக்குள் வெட்டிய நீண்ட பாதை வழியாகச் சுற்றி வருகிறது. அந்தப் பாதை மேல் அலைவரிசைகளை வடிகட்டிவிடுவதால், பேஸ் குரலின் மேல் ஏறி உட்காருவதில்லை. நீங்கள் கச்சேரி கேட்பவர், அதனால் அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். 215-இல் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கீழ்ச்சுருதி தரும் இடது பக்கம், நன்றாகவே, கொஞ்சம் அதிகமாகவே கேட்கும். அது ஒலிக்கும்போது தம்புரா பின்னால் போய்விடும். 846-இல் தொப்பி ஒலிக்கும்போதும் தம்புரா அப்படியே நிற்கும். ஜீவாளி நூல் சரியான இடத்தில் வைத்த தம்புராவில் ஒவ்வொரு தந்தியும் மீட்டிய பிறகு விரிந்து விரிந்து போகும் அல்லவா, அந்த விரிவைப் பாட்டுக்கு நடுவிலேயே பின்தொடர முடிந்தது. அதைக் கேட்ட அன்று வேலையை ஓரமாக வைத்துவிட்டேன். அதனால் '846 வீண்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது நல்ல பொருள்.

ஆனால் அது அவ்வளவும் தெரிந்தது ராத்திரி, பட்டறை மூடிய பிறகு. பகலில், கிரைண்டரின் அடித்தொனி கொஞ்சம் உள்ளே கசிந்துகொண்டிருக்கும்போது, இரண்டுக்கும் இடையே எனக்குத் தெரிந்த வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். ஓடுகிற ரயிலில் அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். என் எழுத்து வேலைக்கோ 846-ஆல் ஒரு லாபமும் இல்லை. பேச்சு 215-இலேயே தெளிவு.

இன்னொன்று. 846-இன் மின்தடை 9 ஓம், உணர்திறன் மிக அதிகம். மலிவான டாங்கிளில் (போனுக்கும் இயர்போனுக்கும் நடுவே மாட்டும் சின்ன ஒலிக் கருவி) மாட்டினால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் பின்னணியில் கேட்கும், ஒலியின் நிறமும் மாறும். அதற்கு நல்ல டாங்கிள் வேண்டும், அது தனிச் செலவு. 215 அந்த மாதிரி எதையும் கேட்காது.

கோயம்புத்தூரிலிருந்து:

தம்பி, இயர்போன் இருக்கட்டுங்க. அந்த 'ங்ங்' சத்தத்தை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஸ்பின்னிங் மில்லில் பராமரிப்புப் பிரிவில் தலை நரைத்தவன் சொல்கிறேன். எங்கள் கூடத்தில் இளம் வயதில் காதைக் கவனிக்காமல் விட்டவர்கள் இப்போது பேரப்பிள்ளைகள் பேசுவதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி, 89 என்றால் 5 மணி. வெளியே ரயில் 80-க்குப் பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தால், பாட்டு கேட்க நீங்கள் அதற்கும் மேலே ஏற்றியாக வேண்டும். வெளியே இருப்பதை 20, 25 டெசிபல் இறக்கிவிட்டால் பாட்டையும் அந்த அளவு இறக்கலாம். அடைக்கிற இயர்போனுக்குக் கொடுக்கும் காசில் எனக்கு முழு நியாயமாகத் தெரிவது இது ஒன்றுதான். ஆனால் வாங்கிய பிறகும் ஒலியைப் பழைய இடத்திலேயே வைத்துக் கேட்டால் ஒரு பயனும் கிடையாது. கை தானாக மேலே போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வைத்திருப்பது எடிமோட்டிக் நிறுவனத்தின் ஈஆர்4 வகை இயர்போன். 1991-இல் அமெரிக்காவில் வந்த வடிவம், காதுக்கு ஒரே ஒரு டிரைவர்தான், ஆனால் அடைப்பில் இன்றைக்கும் அதற்குப் பக்கத்தில் வருவது கொஞ்சம்தான். மூன்று அடுக்குக் குடை மாதிரி ஒரு சிலிகான் டிப், அது ரொம்ப ஆழம் போகும். எனக்குப் பழகிவிட்டது. என் மகன் ஒரு தடவை போட்டுவிட்டு "அப்பா, மூளையைத் தொடுது" என்று கழற்றிப் போட்டுவிட்டான். போட்டுப் பார்க்காமல் அதை வாங்காதீர்கள்.

இதைப் படிக்கும் மில்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இயர்போன் காதுப் பாதுகாப்புச் சாதனம் இல்லை. தொழிற்சாலை விதியில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் எல்லை. அந்த இடத்தில் அதற்கென்று சோதித்துத் தந்த இயர் பிளக்கோ இயர் மஃபோ போடுங்கள். பாட்டை வீட்டில் கேட்டுக்கொள்ளலாம்.

திருச்சியிலிருந்து:

எல்லோரும் டிப்பை உருட்டு, இழு, செருகு என்று சொல்கிறீர்கள். எனக்குக் காதுத் துவாரம் சின்னது. வயலின் சொல்லிக்கொடுக்கிறேன், பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிய வேலை. பெரிய உடம்புள்ள, பல டிரைவர் வைத்த ஒரு விலையுயர்ந்த மாடலை அக்கா கணவர் பரிசாகத் தந்தார். ஒலி அற்புதம். அரை மணி நேரத்தில் காதுக் குழியின் ஓரம் வலி எடுத்துவிடும். இடது காதில் கொஞ்ச நேரம் நிற்கும், கொட்டாவி விட்டால் அடைப்பு விட்டுப் போகும். அடைப்பு விட்டதும் பேஸ் காணாமல் போய்விடும், எத்தனை டிரைவர் இருந்து என்ன?

கடைசியில் காது கேட்கும் கருவி விற்கும் மையத்தில் ஆடியாலஜிஸ்ட்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) போய் அச்சு எடுத்தேன். உள்ளே ஒரு சின்னப் பஞ்சை வைத்து, அதன் மேல் குளிர்ந்த மாவு மாதிரியான சிலிகானைச் செலுத்துவார்கள். இறுகிய பிறகு எடுத்துப் பார்த்தால், என் இரண்டு காதும் ஒரே வடிவம் இல்லை என்பது கண்ணுக்கே தெரிந்தது. இடது துவாரம் சட்டென்று வளைகிறது. அந்த அச்சில் செய்த உறையை 215-க்கு மாட்டித்தான் இப்போது கேட்கிறேன். மேடையில் பாடுகிறவர்கள், டிரம்ஸ் வாசிக்கிறவர்கள் போடுவதும் இப்படி அச்செடுத்துச் செய்ததுதான். ஜெர்ரி ஹார்வி என்ற ஒலிப் பொறியாளர் 1995 வாக்கில் வான் ஹேலன் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் டிரம்ஸ் கலைஞருக்காகச் செய்ததிலிருந்துதான் அல்டிமேட் இயர்ஸ் என்ற இயர்போன் நிறுவனமே பிறந்தது. பெரிய தொகை கையில் இருக்கிறவர்கள் டிரைவர் எண்ணிக்கைக்குக் கொடுப்பதற்கு முன்னால் காது அச்சுக்குக் கொடுங்கள்.

பெங்களூரிலிருந்து:

நாய்ஸ் கேன்சலிங், அதாவது மின்னணு முறையில் சத்தத்தை ரத்து செய்வது பற்றி யாரும் பேசவில்லையே. மாதம் இரண்டு வார இறுதியாவது இரவுப் பேருந்தில் சேலம் போய் வருகிறேன். இன்ஜின் உறுமல், ஏசி இரைச்சல் மாதிரி ஒரே சீராக வரும் கீழ்ச்சுருதிச் சத்தத்துக்கு அதை அடிக்க ஆளில்லை. மைக் வழியாகக் கேட்டு எதிர் அலையை அனுப்புகிறது, அது கீழ் அலைவரிசையில்தான் நன்றாக நடக்கும். பேச்சுக் குரல், குழந்தை அழுகை, ஹாரன் இதற்கெல்லாம் ஃபோம் டிப்தான் பலம். மின்சார ரயிலில் ஸ்பீக்கர் வீடியோதான் தொல்லை என்றால் தாம்பரம் நண்பருக்கு டிப் போதும். சார்ஜ் போட வேண்டாம், பேட்டரி செத்துப் போச்சே என்ற கவலையும் இல்லை. என்னுடைய கம்பியில்லா இயர்போன் இரண்டு வருஷத்தில் பேட்டரி போய், திறக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஷூர் வகையில் கேபிள் தனியாகக் கழலும். கேபிள் போனால் கேபிளை மட்டும் மாற்றலாம். விலையைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்.

ஷூர் பெயரில் போலி நிறைய. ஆன்லைனில் 846 பாதி விலைக்கு வந்தால் கை வைக்காதீர்கள்.

தாம்பரத்திலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. கோவை ஐயா சொன்னபடி முதலில் மருத்துவரைப் பார்த்தேன். இரண்டு காதிலும் குறும்பி அடைத்திருந்தது, எடுத்துவிட்டார். ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுத்ததில் இப்போதைக்குக் குறை இல்லை, ஆனால் ஒலியைக் குறைக்கச் சொன்னார்.

அப்புறம் கடைக்குப் போய் இரண்டையும் கேட்டேன். மயிலாப்பூர் அண்ணன் சொன்ன தம்புரா வித்தியாசம் உண்மைதான், ஏசி அறையில் நன்றாகத் தெரிந்தது. கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, தெருவோரம் வாசலில் நின்று மறுபடி கேட்டேன். அங்கே 215-க்கும் அதற்கும் என்னால் பெரிதாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் கேட்கப் போவது ரயிலில். 215 வாங்கிவிட்டேன். ஒலியைப் பழைய அளவில் பாதிக்கும் கீழே வைத்தே குரல் முழுசாகக் கேட்கிறது.

ஒரு சந்தேகம். நடுத்தர அளவு ஃபோம் டிப் வலது காதில் சரியாக இருக்கிறது, இடது காதில் சைதாப்பேட்டை தாண்டுவதற்குள் மெல்ல வெளியே வந்துவிடுகிறது. பெரிய அளவு போடலாமா? குறும்பி மறுபடி டிரைவர் பக்கம் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

மயிலாப்பூரிலிருந்து:

இடதுக்கு மட்டும் ஒரு அளவு சின்னது போட்டுப் பாருங்கள் தம்பி, பெரியது வேண்டாம். நழுவுவது பெரும்பாலும் டிப் ஆழம் போகாததால்தான். சின்னது உள்ளே போய் விரிந்தால் நிற்கும். இரண்டு காதுக்கும் ஒரே அளவு போட வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. குளித்த உடனே போடாதீர்கள், ஈரத்தில் ஃபோம் சீக்கிரம் போய்விடும். கழற்றும்போது கேபிளைப் பிடித்து இழுக்காமல் இயர்போன் உடம்பைப் பிடித்து மெல்லத் திருகி எடுங்கள். குறும்பி எடுக்கவென்றே ஒரு சின்ன வளையக் கம்பி உண்டு. டிப்பைக் கழற்றிவிட்டு, இயர்போன் வாயைக் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு அதனால் சுரண்டி எடுங்கள். மேலே பார்க்க வைத்துச் சுரண்டினால் உள்ளே விழும். ஃபோம் சில மாதங்களில் இறுகி, உருட்டினாலும் மெதுவாக விரியாமல் உடனே துள்ளி எழும். அப்போது புதுசு மாற்றிவிடுங்கள்.