கேழ்வரகுக் கொல்லையில் ஒரு செட்டிநாட்டு வீடு: ஓவியர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் வசிக்கும் நான், பழம்பெரும் வீடுகளை அவை நின்ற இடத்திலிருந்து பெயர்த்து, நம் பக்கத்து நிலத்தில் வைத்து நீர்வண்ணத்தில் வரைந்து வருகிறேன். 1878இல் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி வீட்டை ஒகேனக்கல் பாறைகளின் மேல், கவிழ்த்து வைத்த பரிசல்களுக்கு நடுவே வரைந்தது மனநிறைவாக அமைந்தது.

இப்போது தடுமாறுவது கானாடுகாத்தான் வீடு ஒன்றில். பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் கொண்ட அந்த வீட்டை, கருங்கல் குன்றின் அடிவாரத்தில், அறுவடைக்கு நிற்கும் கேழ்வரகுக் கொல்லையில் அமர்த்தியிருக்கிறேன். விரல் மடக்கியது போன்ற கதிர்கள் திண்ணை விளிம்பைத் தொடுகின்றன. ஆனால், முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரில் கதிர்களின் செம்பழுப்பு எப்படிப் படியும் என்பது பிடிபடாததால், வீடு மண்ணில் ஊன்றாமல், வெட்டி ஒட்டிய படம்போல் மிதக்கிறது. மூன்று தாள்கள் வீணாகிவிட்டன.

அத்தகைய சுவரை மாலை வெயிலில் மிக அருகிலிருந்து எடுத்த படங்கள் யாரிடமேனும் இருந்தால் அன்புகூர்ந்து பகிருங்கள். அந்த நிறச்சாயலை ஈரத்திலேயே கலந்துவிட வேண்டுமா, காய்ந்த பிறகு மெல்லிய பூச்சாக ஏற்ற வேண்டுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.