புதுப்பிப்பு: மலிவு விலை டிஜிட்டல் கேமரா, மழைக்காலத்துக்குப் பிறகு

கைபேசி இருக்கும்போது இந்தச் சின்னக் கேமரா எதற்கு என்று முந்தைய பதிவில் பலர் கேட்டிருந்தீர்கள். செங்கோட்டையிலும் ஆரியங்காவிலும் மழைக்காலம் முழுவதும் அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். தயங்காமல் சொல்கிறேன்: பகலுக்கு இது தாராளம்.

கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தில் ரயில் வந்தபோது, சாலையோரத்தில் நின்றபடியே 8 மடங்கு ஆப்டிகல் ஜூமில் எடுத்தேன். கல் இடுக்கில் முளைத்த செடிகள்கூடத் தெளிவாக விழுந்திருக்கின்றன. லென்ஸே நகர்ந்து காட்சியை நெருக்கிக் காட்டுவதன் பலன் இது. விலை குறைந்த கைபேசிகள் பெரும்பாலும் படத்தை வெட்டித்தான் பெரிதாக்குகின்றன.

இருட்டினால் கதை வேறு. ஒளியைப் படமாக்கும் சென்சார் சின்னது, 1/2.3 அங்குல வகைதான்; ஐஎஸ்ஓ, அதாவது ஒளியை உணரும் திறனின் அளவு, 800-ஐத் தாண்டினால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடுகிறது. ஐஎஸ்ஓ-வை 400-இல் நிறுத்தி, டீக்கடை மேசையில் கேமராவை ஊன்றி, 2 நொடி டைமரில் எடுங்கள். ஆடாமல் இருக்கும் பொருள் அருமையாக வரும்.

மலையோரத்துக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லென்ஸ் குழலில் சாரல் பட்டால் துடைத்த பிறகே அணையுங்கள். இல்லையென்றால் ஈரம் உள்ளே போய்விடும்.

எத்தனை ஜிபி மெமரி கார்டு போடலாம் என்று கேட்டவருக்கு: மிகப் பழைய கேமரா என்றால் 2 ஜிபி கார்டுதான் ஏற்கும், கேமராவில் எஸ்டிஎச்சி (SDHC, கூடுதல் கொள்ளளவு கார்டு வகை) முத்திரை இருந்தால் 32 ஜிபி வரை போடலாம்.