மாண்டூ பாசிட்டிவ்னா டிபி வந்துடுச்சுன்னு அர்த்தமா?

காவேரிக்கரை: தம்பி கூட ரூம்ல தங்கியிருந்த பையனுக்கு டிபின்னு வந்து கூட இருந்தவங்க எல்லாரையும் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க, தம்பிக்கு மாண்டூங்கற தோல் டெஸ்ட் பாசிட்டிவ், கைல ஊசி போட்ட இடம் 14 மிமீ தடிச்சிருக்கு. எக்ஸ்ரே க்ளீன், இருமல் காய்ச்சல் எதுவும் இல்ல. அதுக்குள்ள வீட்ல தட்டு, டம்ளர் எல்லாம் தனியா எடுத்து வச்சுட்டாங்க. அவன் நோயாளியே இல்லங்கறது என் வாதம்.

மருதமுத்து77: கிருமி உள்ள போயிருச்சுல்ல, அப்புறம் என்ன நோயாளி இல்ல? 1882லயே ராபர்ட் கோக்ங்கற ஜெர்மன் டாக்டர் கண்டுபிடிச்சு சொல்லிட்டாரு, டிபிக்குக் காரணம் அந்தக் கிருமிதான். ஒண்ணுமில்லன்னு விட்டு விட்டுத்தான் இது இன்னும் பரவிட்டு இருக்கு.

லேப்செல்வி: அண்ணே, கிருமி இல்லாம டிபி வராது, சரி. ஆனா கிருமி புகுந்த எல்லாருக்கும் டிபி வர்றதில்லையே. உலகத்துல சுமாரா நாலுல ஒருத்தருக்கு தொற்று இருக்குன்னு டபிள்யூஹெச்ஓ சொல்லுது, அதுல நோயா மாறுறது வாழ்நாள் முழுக்க சேர்த்து 5லருந்து 10 சதவீதம்தான். மத்தவங்களுக்கு எதிர்ப்பு சக்தி அதை அடக்கி வச்சிருக்கும், அவங்ககிட்டருந்து யாருக்கும் ஒட்டாது. அதோட மாண்டூ கிருமியைக் காட்டுற டெஸ்டே இல்ல, உடம்புக்கு அந்தக் கிருமியோட புரதம் ஏற்கனவே பழக்கமான்னு காட்டும், அவ்வளவுதான். டிபிக்கான பிசிஜி தடுப்பூசி போட்டவங்களுக்கும் சில நேரம் தடிக்கும்.

மருதமுத்து77: நோயே இல்லன்னா மாத்திரை எதுக்கும்மா தர்றாங்க?

லேப்செல்வி: பின்னாடி நோயா மாறாம இருக்க. தொற்றுன முதல் ரெண்டு வருஷம்தான் ஆபத்து ஜாஸ்தி, அதுக்கு ஐசோனியாசிட் மட்டும் தினமும் 6 மாசம் தருவாங்க, இல்லன்னா ரெண்டு மருந்து சேர்த்து வாரம் ஒரு தடவைன்னு 12 வாரம். நிஜமாவே நோய் இருந்தா நாலு மருந்துல ஆரம்பிக்கணும். நோய் இருக்கறவருக்குத் தெரியாம அந்த ஒத்தை மருந்தைக் குடுத்தா கிருமி அதுக்கு மசியாமப் போயிடும், அப்புறம் வைத்தியமே கஷ்டம். தொற்று வேற நோய் வேறன்னு பிரிச்சுப் பாக்கறது இதுக்காகத்தான்.

மருதமுத்து77: பிரிக்கறது அவ்வளவு சுலபம் இல்லம்மா. 2019-21ல நாடு முழுக்க எடுத்த டிபி சர்வேல, எக்ஸ்ரே மட்டும் எடுக்காம இருந்திருந்தா 42 சதவீதத்துக்கு மேல கேஸ் கண்ணுல படாமலே போயிருக்கும். அறிகுறி இல்லன்னா நோய் இல்லன்னு நினைக்கறதுதான் ஆபத்து.

லேப்செல்வி: அறிகுறியை மட்டும் வச்சு முடிவு பண்ணுங்கன்னு நான் எங்கண்ணே சொன்னேன்? நுரையீரல்ல பாதிப்பு தெரியுதா, சளில கிருமி வருதான்னு பாக்கணும். தம்பிக்கு எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல. தட்டு டம்ளர் விஷயம் சுத்தமாத் தேவையில்லாதது, டிபி காத்துலதான் பரவும். 1956ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச ஆய்வுல, நோய் இருந்தவங்களே வீட்ல இருந்து மாத்திரை சாப்பிட்டாங்க, சானடோரியத்துல, அதாவது டிபிக்கான ஆஸ்பத்திரில, சேர்ந்தவங்க குடும்பத்தை விட அவங்க குடும்பத்துல டிபி ஒண்ணும் அதிகமா வரல. நோயே வராத பையனை எதுக்கு ஒதுக்கணும்?

மருதமுத்து77: ஒதுக்கச் சொல்லல, தட்டை முதல்ல எடுத்து உள்ள வைங்க. ஆனா அவனை "நல்லா இருக்கான்" லிஸ்ட்ல நான் சேர்க்க மாட்டேன், மாத்திரை முழுசா முடிக்கட்டும், நடுவுல ரெண்டு வாரம் இருமுனாலோ எடை குறைஞ்சாலோ திரும்ப எக்ஸ்ரேயும் சளி டெஸ்ட்டும் எடுத்தே ஆகணும்.

காவேரிக்கரை: நாளைக்கே மாத்திரை ஆரம்பிக்கறோம்ணே.