அக்கா மகனை ஆலோசகரிடம் அழைத்துப் போக வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் இருக்கிறோம். அக்கா மகனுக்கு 19 வயது, பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மூன்று மாதமாக வகுப்புக்கு ஒழுங்காகப் போவதில்லை. அக்கா கதவுக்கு வெளியே வைக்கும் சாப்பாட்டுத் தட்டு காலையில் அப்படியே காய்ந்து கிடக்கிறது. முன்பெல்லாம் புளோக்கின் கீழே பந்து உதைக்கும் சத்தம் கேட்டால் செருப்புகூடப் போடாமல் ஓடுவான். இப்போது எழுந்து ஜன்னலைச் சாத்துகிறான்.

போன வாரம் மெதுவாகப் பேச்செடுத்தேன். "என்னைப் பைத்தியம்னு நினைக்கிறீங்களா சித்தி?" என்றான். எனக்கு வாயடைத்துவிட்டது. அக்கா திருஷ்டி என்கிறார். அத்தானோ, ஃபோனைப் பிடுங்கினால் எல்லாம் சரியாகும் என்கிறார் (அவருக்கு எல்லா நோய்க்கும் அதே மருந்துதான்).

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். கேட்பது தூண்டிவிடுவதாகாது. இல்லை என்றான். இருந்தாலும் அபய ஆலோசனைச் சங்கத்தின் 24 மணி நேர எண் 1767-ஐ எல்லார் ஃபோனிலும் பதிந்து வைத்திருக்கிறேன்.

16 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு 'சாட்' (CHAT) என்ற இளையர் மனநலச் சேவை இலவசமாக மனநல மதிப்பீடு செய்கிறது. யாராவது பிள்ளையை அங்கே அழைத்துப் போயிருக்கிறீர்களா? முதல் நாள் என்ன கேட்பார்கள், கூட நாம் உட்காரலாமா? இல்லை, பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போவது நல்லதா? அக்காவிடம் தமிழில் பேசக்கூடிய ஆலோசகர் கிடைத்தால் பெரிய உதவி. அப்புறம், முக்கியமாக, வர மறுத்த பிள்ளையிடம் நீங்கள் எப்படிப் பேசினீர்கள்?