வீட்டிலிருந்து பொடி வியாபாரம் தொடங்குகிறோம், அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வில்லிவாக்கத்தில் இருக்கிறோம். அம்மா செய்யும் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, அங்காயப் பொடி மூன்றையும் தை மாதத்திலிருந்து விற்கலாம் என்று தயாராகிறோம்.

உத்யம் என்கிற மத்திய அரசின் சிறுதொழில் பதிவை இணையத்தில் நானே முடித்துவிட்டேன். அதற்குக் கட்டணமே கிடையாது, ஏஜென்ட் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவுக்கும் விண்ணப்பித்தாயிற்று. லேபிளில் சேர்மானம், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, பச்சைப் புள்ளி எல்லாம் வர வேண்டும் என்பதும் தெரியும்.

எனக்குப் புரியாதது கெடு தேதி. சென்னைக் காற்றின் ஈரத்துக்கு, அதுவும் ஐப்பசி மழையில், பருப்புப் பொடி சீக்கிரம் நமுத்துப் போகிறது. வீட்டு டப்பாவில் இருந்தால் மறுபடி லேசாக வறுத்துக்கொள்ளலாம், காசு கொடுத்து வாங்கியவரிடம் அப்படிச் சொல்ல முடியாதே! எத்தனை நாள் தாங்கும் என்று பரிசோதித்துச் சொல்லும் லேப் எது, செலவு எவ்வளவு ஆகும்? உள்ளே அலுமினியப் படலம் உள்ள கவர் போதுமா? பாரிமுனையில் அதைக் குறைந்த எண்ணிக்கையில் தருகிற கடை இருக்கிறதா?

அப்புறம், மளிகைக் கடைக்காரர்கள் விற்ற பிறகுதான் பணம் தருவோம் என்கிறார்கள். புதிதாக வருபவர்கள் இதற்கு ஒப்புக்கொள்ளலாமா? கிண்டி மாவட்டத் தொழில் மையம் வழியாக மானியக் கடன் வாங்கியவர்கள் இருந்தால், என்னென்ன ஆவணங்கள் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். அம்மாவின் சேமிப்பைத் தொடாமல் தொடங்க வேண்டும் என்பது என் ஆசை.